அயல்மொழியிற் பாடியோர்: கண்டி அரசவை முதல் இசைத்தட்டுக் காலம் வரை

இசைக்கு மொழி இல்லை என்பது விழா மேடைகளிலே அடிக்கடி எடுத்தாளப்படும் கூற்று. கேட்பதற்கு இனிதாயினும் அது முழு உண்மையன்று. பாடலுக்கு மொழி உண்டு; அம்மொழிக்கு உரியோரும் உளர். ஒருவர் தம் மொழியை விடுத்து அயலார் மொழியிலே பாட முற்படும்போது கேட்போர் அவரது குரலை எவ்வாறு ஏற்கின்றனர், அவரை எவ்விடத்தில் வைத்து மதிக்கின்றனர் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவை வெறும் இசைபற்றிய வினாக்கள் அல்ல. இரு சமூகங்களுக்கிடையே நிலவிய உறவின் வரலாறுபற்றிய வினாக்களுமாம். கண்டி நகரையும் அதன் சூழலையும் நடுவாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கின்றது. அதற்கு முன்னர், இந்நூற்றாண்டிலே உலகறிய நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டினை நோக்குதல் பொருத்தமாகும். அது கொரியக் குழுவினர் யப்பானிய மொழியிலே பாடிய வரலாறு.

1

2011 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாந் திகதி யப்பானிலே ஓர் இசைத்தொகுப்பு வெளியாயிற்று. ஒன்பது கொரிய இளம்பெண்கள் கொண்ட குழுவொன்று முற்றிலும் யப்பானியச் சந்தையை நோக்கி வெளியிட்ட முதலாவது தொகுப்பு அது. முதல் வாரத்திலேயே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகி, அந்நாட்டின் ஒரிகொன் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தைப் பெற்றது. 2007 ஆம் ஆண்டிலே தமது நாட்டில் அறிமுகமாகிய இக்குழுவினர் கொரிய மொழியிலே புகழ்பெற்ற 'ஜீ', 'ஜீனி' முதலிய பாடல்களை யப்பானிய மொழியிலே மீளப் பாடி இத்தொகுப்பிற் சேர்த்திருந்தனர். 'மிஸ்டர் டாக்ஸி' போன்ற புதிய பாடல்களும் அதில் இடம்பெற்றன. மெட்டும் ஆட்டமும் பழையன. சொற்கள் மட்டும் அயலாருடையன.

குழுவின் பெயரும் அவ்வாறே கடல் கடந்தது. கொரியாவிற் 'சோனியோ சிடே' எனப்பட்டவர்கள் யப்பானில் 'ஷோஜோ ஜிடாய்' ஆயினர். இரு நாட்டாரும் சீனத்திலிருந்து பெற்ற எழுத்துக்கள் ஒன்றே ஆதலால், எழுத்தை மாற்றாது உச்சரிப்பை மட்டும் மாற்றினால் ஒரே பெயர் இரு மொழியிலும் நிலைபெறும். 'தோங் பாங் ஷின் கி' என்னும் ஆடவர் குழு யப்பானிலே 'தோஹோ ஷின்கி' எனப்பட்டதும் இம்முறையினாலேயே.

இவர்களுக்கு வழி திறந்தவர் போவா என்னும் பாடகி. இவரது முதலாவது யப்பானிய மொழித் தொகுப்பு 2002 மார்ச் மாதத்தில் வெளியாகி ஒரிகொன் பட்டியலில் முதலிடம் பெற்றது. கொரியர் ஒருவருக்கு அச்சிறப்புக் கிட்டியது அதுவே முதன்முறை. ஆயின் இவ்வெற்றியின் பின்னணியில் ஒரு முரண் உண்டு. 1910 முதல் 1945 வரை கொரியா யப்பானிய ஆட்சியின்கீழ் இருந்தது. அவ்வாட்சியின் இறுதிக் காலத்திலே பாடசாலைகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டது. மக்கள் யப்பானியப் பெயர் சூடுமாறு வற்புறுத்தப்பட்டனர். விடுதலைக்குப் பின்னர் யப்பானியப் பாடல்களுக்குக் கொரியா தன் கதவை அடைத்தது. 1998 ஆம் ஆண்டு தொடக்கம் அக்கதவு படிப்படியாகத் திறக்கப்பட்டபோதிலும், யப்பானிய மொழியிற் பாடப்பட்ட இசைத்தட்டுக்களைக் கொரியாவில் விற்பதற்கு 2004 ஜனவரியிலேயே அனுமதி கிடைத்தது. ஆகவே போவா யப்பானியரின் உள்ளங்கவர்ந்து பாடிய காலத்தில் அம்மொழிப் பாடல்கள் அவரது சொந்த நாட்டுக் கடைகளிலே விற்கத்தகாதனவாய் இருந்தன.

யப்பானிலும் நிலைமை எப்போதும் ஒரேசீராய் இருந்ததில்லை. ஆண்டின் இறுதி இரவிலே அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என். எச். கே. நடத்தும் பாட்டு விழாவிற் பங்குபற்றுதல் பாடகருக்குப் பெருஞ் சிறப்பாகக் கருதப்படுகின்றது. 2011 ஆம் ஆண்டு விழாவிலே மூன்று கொரியக் குழுக்கள் மேடையேறின. 2012 ஓகஸ்டில், இரு நாட்டாரும் உரிமை கோரும் சிறு தீவொன்றுக்குக் கொரிய அதிபர் சென்றமையால் உறவு கெட்டது. அவ்வாண்டு விழாவிலே கொரியக் குழு ஒன்றேனும் இடம்பெறவில்லை. மீண்டும் ஒரு கொரியக் குழு அம்மேடையில் ஏற 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குரல்கள் மாறவில்லை, யப்பானியச் சொற்களை உச்சரிக்கும் திறமும் குறையவில்லை, மாறியது அரசியலே.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. குரலை ஏற்றல் வேறு. குரலுக்குரியாரை ஏற்றல் வேறு. முன்னது விரைவில் நிகழ்வது. பின்னது நெடுங்காலம் வேண்டுவது. சில வேளைகளில் நிகழாமலே போவதும் உண்டு. இவ்வேறுபாட்டினை அறிந்துகொள்ளக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மகாவலி கங்கைக் கரையிலேயே அதற்குச் சான்றுகள் உள்ளன.

2

கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னர் நால்வரும் நாயக்கர் மரபினர். நரேந்திரசிங்கன் 1739 இல் பட்டத்துக்குரிய மகவின்றி இறந்தபின் அவனது மதுரைத் தேவியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அவனைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782), இராஜாதி இராஜசிங்கன் (1782-1798), ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் (1798-1815) ஆகியோர் ஆண்டனர். தெலுங்கு வழியினராயினும் தமிழ் வழங்கிய நாட்டிலிருந்து வந்த இவர்களது உறவினர் கண்டி நகரில் வாழ்ந்த தெரு மலபார் வீதி எனப் பெயர் பெற்றது.

இவ்வரசர் தம் குடிகளின் சமயத்தையும் மொழியையும் தமதாக்கிக்கொண்டனர். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான் சீயம் நாட்டிலிருந்து பிக்குமார் வரவழைக்கப்பட்டு 1753 இல் உபசம்பதா மரபு மீள நிறுவப்பட்டது. தேவாலயங்களுக்கு உரியதாயிருந்த பெரஹரவிலே தந்ததாதுவுக்கு முதலிடம் வழங்கியவனும் அவனே. அவனுக்குப் பின்வந்த இராஜாதி இராஜசிங்கன் ஒருபடி மேற்சென்று சிங்களத்திலேயே காவியம் பாடினான். அசதிச ஜாதகக் கதையைப் பொருளாகக்கொண்ட 'அசதிச தா கவ' அவன் இயற்றியதாகும். அயல்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தவன் ஒருவன் தன் குடிகளின் மொழியைக் கற்று, அம்மொழிப் புலவருள் ஒருவனாகத் தன்னை நிலைநாட்ட முயன்றமைக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

அரசவையின் இசையிலும் இத்தகைய கலப்பினைக் காணலாம். அரசனைப் புகழ்ந்து பாடும் புலவரும் பாடகரும் கூடியிருந்த 'கவிகார மடுவ' என்னும் அமைப்பு நாயக்கர் காலத்திலே செழித்தது. அங்கு பாடப்பட்ட பிரசஸ்திப் பாடல்கள் பலவற்றின் சொற்கள் சிங்களம்; இசையிலோ தென்னிந்தியச் சாயல் படிந்திருந்தது. கண்டிய நடனக் கலைஞர் இன்றும் ஆடிப்பாடும் பதினெட்டு வன்னங்களை எடுத்துக்கொள்வோம். கஜகா, துரகா, மயூர முதலாகப் பெயர் பெறும் இவற்றை, மலபார் நாட்டிலிருந்து வந்த கணிதாலங்கார என்னும் இசைவல்லோன் யாத்தான் என்பது கர்ணபரம்பரை. இச்செய்தியின் உண்மை எத்தகையதாயினும், வன்னத்தின் அமைப்பு ஒரு சான்று தருகின்றது. வன்னத்திலே சொற்களுக்கு முன்னர் 'தானம' எனப்படும் பகுதி பாடப்படும். பொருளற்ற ஒலிகளால் மெட்டினையும் சந்தத்தினையும் வகுத்துக்காட்டுவது அது. தமிழிலே வண்ணப்பாக்களுக்குத் தன, தான, தந்த என்னும் சந்தக்குழிப்பு முன்னிற்பதை அறிந்தோர்க்கு இவ்வொற்றுமை வியப்பளிக்கும். பெயரும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றது.

அரண்மனைக்கு வெளியே பொதுமக்கள் வழிபாட்டிலும் இந்நிலையே காணப்பட்டது. தலதா மாளிகைக்கு அண்மையில் உள்ள பத்தினி தேவாலயம் கண்ணகிக்கு உரியது. சிலப்பதிகாரக் கதை சிங்களத்திலே செய்யுளாகப் பாடப்பட்டுப் பத்தினித் தெய்வத்தின் சடங்குகளிலே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. கோவலனும் கண்ணகியும் பாண்டியனும் சிங்களச் சொற்களிலே பேசுகின்றனர். மதுரையை எரித்தவள் கண்டிப் பெரஹரவிலே ஆண்டுதோறும் வலம் வருகின்றாள். அவளது பிறப்பிடத்தை வினாவி அவளைப் புறந்தள்ளியவர் எவருமிலர்.

ஆயின் தெய்வத்துக்குக் கிட்டிய இவ்வேற்பு மனிதருக்குக் கிட்டவில்லை. பௌத்தத்துக்கு அரும்பணி ஆற்றிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கு எதிராகவே 1760 இல் பிரதானிகளும் பிக்குமார் சிலரும் சேர்ந்து சதி செய்தனர். அவன் நெற்றியில் நீறணிவதை விடவில்லை என்பது அவன்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. அவனது பணிகள் எல்லாம் கண்முன் நிற்கவும், அவன் 'தமிழன்' என்பதே முன்வைக்கப்பட்டது. அச்சதி தோல்வியுற்றது. எனினும் அரை நூற்றாண்டின் பின் அவ்வெண்ணம் வேறு வடிவிலே வென்றது. 1815 பெப்ரவரியில் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மெதமகாநுவரப் பகுதியிலே பிடிபட்டான். மார்ச் 2 ஆந் திகதி கண்டி மகுல் மடுவவிலே நிறைவேறிய உடன்படிக்கை, மலபார் மரபினர்க்குக் கண்டி அரசுரிமை இனி எக்காலமும் இல்லை என்றும், அம்மரபைச் சேர்ந்த ஆடவர் நாட்டினின்றும் விலக்கப்படுவர் என்றும் விதித்தது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான்.

இவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட கண்டிப் பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்திலே கையொப்பமிட்டிருந்தனர் என்பது பலரும் அறிந்த செய்தி. தமிழ் எழுத்தை ஏற்ற கரங்களே தமிழ் வழங்கிய மரபினை நீக்கும் ஆவணத்தில் ஒப்பமிட்டன. வன்னமோ நாட்டை விட்டு நீங்கவில்லை. 'அசதிச தா கவ'வும் சிங்கள இலக்கிய வரலாற்றிலே தன் இடத்தை இழக்கவில்லை. பாடல் தங்கிற்று, பாடியவர் மரபு வெளியேற்றப்பட்டது.

3

இருபதாம் நூற்றாண்டிலே அரசவையின் இடத்தை இசைத்தட்டும் வானொலியும் திரைப்படமும் பெற்றன. புரவலர் மாறினர், அயல்மொழியிற் பாடும் வழக்கம் மாறவில்லை. சிங்கள நூர்த்தி நாடகங்களுக்கு அதற்கு முன்னரே அயலவர் இசை அமைத்திருந்தனர். ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசை வகுத்த விசுவநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்தவர், சிங்களம் அறியாதவர். பாடலின் பொருளும் உணர்ச்சியும் அவருக்கு விளக்கப்பட, அவர் மெட்டமைத்தார். சொல்லுக்கு உரியோர் ஒருவர், இசைக்கு உரியோர் மற்றொருவர் என்னும் இப்பிரிவினையே பின்னர் சிங்கள மெல்லிசையிலும் தொடர்ந்தது.

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் உள்ளது இறம்பொடை. அருவிகளும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த அவ்வூரிலே 1923 ஜனவரி 15 ஆந் திகதி டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்னும் பெண்குழந்தை பிறந்தது. கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பம் அது. பிற்காலத்திலே சிங்கள மக்கள் தம் இசைக் குயில் எனப் போற்றிய ருக்மணி தேவி இவரே. பதினைந்து வயதளவில், 1938 இல், எச். டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டருடன் இணைந்து இவர் பாடிய முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. புத்தகயை விகாரையின் புகழைப் பாடும் பாடல் அது. கிறித்தவப் பெண் ஒருத்தி புத்தர் பெருமையைச் சிங்களத்திற் பாட, கேட்டோர் உருகினர். டெய்சி என்றோ இராசம்மா என்றோ அவரை எவரும் அழைக்கவில்லை. கலை உலகம் அவருக்கு வேறொரு பெயரைச் சூட்டிற்று.

கொரியக் குழுவினரின் பெயர் கடல் கடந்தபோது உச்சரிப்பு மட்டும் மாறியதை மேலே கண்டோம். அங்கே எழுத்து நின்றது. பெயரின் பொருளும் நின்றது. இவர்கள் அயல்நாட்டார் என்பதை மறைக்க வேண்டிய தேவை எவர்க்கும் இருக்கவில்லை. அயன்மையே விற்பனைப் பொருளாயிற்று. ருக்மணி தேவியின் நிலை வேறு. அவர் அயல்நாட்டார் அல்லர், இந்நாட்டிலே பிறந்தவர். அவர் பாடியதும் அயற்சந்தையை நோக்கி அன்று. தம் நாட்டின் பெரும்பான்மையோரை நோக்கியே. அவ்வாறு பாடியவரின் 'இராசம்மா' என்னும் பெயர் வரலாற்றின் அடிக்குறிப்பாகிப் போயிற்று.

முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரி 21 ஆந் திகதி திரையிடப்பட்டது. அதன் நாயகி ருக்மணி தேவி. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவினர் நடித்த நாடகமே படமாகியது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையிலுள்ள கலையகத்தில். அதே ஆண்டு வெளிவந்த இரண்டாவது படமான 'அசோகமாலா' கோயம்புத்தூரிலே உருவாகியது. சிங்களத் திரையின் தொடக்கம் தமிழ்நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்தது எனின் மிகையாகாது. படத் தொழிலுக்கு வேண்டிய கருவிகளும் தேர்ச்சி பெற்ற தொழிலாளரும் அக்காலத்தில் இலங்கையில் இன்மையே இதற்குக் காரணம். நடிகர் கடல் கடந்து சென்றனர். தென்னிந்திய, வடஇந்தியத் திரைப்பாடல்களின் மெட்டுக்களைத் தழுவிய சிங்களப் பாடல்களுடன் மீண்டனர்.

'அசோகமாலா'விற் பாடியோருள் ஒருவர் மொகிதீன் பேக். 1919 இல் சேலத்திலே பிறந்து, இளவயதில் இலங்கைக்கு வந்த முஸ்லிம் அவர். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலங்களிலே கண்டி வீதிகளின் ஒலிபெருக்கிகளில் ஒலிப்பதைக் கேட்கலாம். நாகர்கோவிலிற் பிறந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரைப்படங்கள் பலவற்றிற்கு இசையமைத்தார். யாழ்ப்பாணத்துத் தமிழரான கே. குணரத்தினம் 'சுஜாதா' (1953) முதலிய சிங்களப் படங்களைத் தயாரித்தார். பாடல், இசை, முதலீடு, கலையகம் ஆகிய யாவற்றிலும் தமிழ் பேசுவோரின் உழைப்பு கலந்திருந்தது.

ஈண்டு ஒரு காலப் பொருத்தம் கவனித்தற்குரியது. இறம்பொடையிலே பிறந்த பெண் சிங்களத் திரையின் முதல் நாயகியாகக் கொண்டாடப்பட்டது 1947 இல். அடுத்த ஆண்டு, 1948 இல், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தின் விளைவாக அதே மலைகளிலே கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தமிழர் சிங்களத்திற் பாடும் குரல் நாடெங்கும் வரவேற்கப்பட்ட காலமும், தமிழ் பேசும் தொழிலாளர் குடியுரிமை இழந்த காலமும் ஒன்றேயாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என அக்காலத்துச் சமூகம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. குரலுக்கும் குரலுக்குரியார்க்கும் இடையே அது கோடிட்டு வைத்திருந்தது.

4

1956 ஆம் ஆண்டு இவ்வரலாற்றிலே ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் நடுப்பகுதியில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டு நவம்பரிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றினார். தென்னிந்திய, இந்தி மெட்டுக்களின் பிடியிலிருந்து விடுபட்டுத் தமக்கென ஒரு நாடக மரபினைத் தேடிய சிங்கள அறிஞர்க்கு 'மனமே' பெருவெற்றியாக அமைந்தது. ஆயின் அவர் தேடிக்கண்ட மூலம் யாது? அம்பலாங்கொடை சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையுடன் அவர் எடுத்தாண்டது சிங்கள நாடகம் எனப்படும் பழைய வடிவம். அவ்வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து, குறிப்பாகக் கத்தோலிக்கத் தமிழரிடையே வழங்கிய கூத்திலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டளவிலே சிங்களத்துக்குச் சென்றது. அதன் பெயரும் தமிழ்ப் பெயரே. அதன் இசையும் தென்னக மரபினதே. தனித்துவத்தைத் தேடிச் சென்றவர் அயலாரின் கூத்தங்கணத்திலேயே அதனைக் கண்டெடுத்தார் எனலாம். சரச்சந்திர இக்கடனை மறைத்தவர் அல்லர். தமது ஆய்வுகளிலே வெளிப்படையாக எடுத்துக்காட்டியவர்.

இதன் பயன் தமிழர்க்கும் கிட்டிற்று. அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபினைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்து 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை 1960களிலே தயாரித்தார். தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சென்ற வடிவம் சிங்கள மேடையிற் பெற்ற மதிப்பு, தமிழர் தம் கூத்தினைத் தாமே மதிக்கத் தூண்டியது. கொடுத்தவர் பெற்றவரிடமிருந்து மீளக் கற்ற நிகழ்வு இது. கண்டி அரசவையிலோ கொழும்பு இசைத்தட்டுக் கம்பனியிலோ காணப்படாத சிறப்பு இதில் உண்டு. இங்கே கடன் ஒப்புக்கொள்ளப்பட்டது. கொடுத்தவரின் பெயர் அழிக்கப்படவில்லை.

1970களிலே எதிர்த்திசையிலும் பாடல் பயணம் செய்தது. போர்த்துக்கேயர் காலந்தொட்டுக் கரையோரத்திலே வளர்ந்த பைலா இசையின் துள்ளலைத் தமிழ்ச் சொற்களுடன் இணைத்த துள்ளிசைப் பாடகருள் ஏ. ஈ. மனோகரன் முதன்மையானவர். சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' அவராற் பெரும்புகழ் பெற்றது. 1977 இல் அது தமிழ்நாட்டுத் திரையிலும் நுழைந்தது. சிங்களம் அறியாத சென்னை மக்கள் சிங்களச் சொற்களை வாயாரப் பாடினர். சொல்லின் பொருள் அறியாமலே பாடலில் மகிழ்ந்த அவர்களது நிலை, கொரியச் சொற்களை இன்று இலங்கையிற் பாடித் திரியும் இளைஞரின் நிலையை ஒத்தது.

5

ருக்மணி தேவி 1978 ஒக்டோபர் 28 ஆந் திகதி, மாத்தறையில் நிகழ்ச்சி ஒன்றிற் பாடிவிட்டுத் திரும்புகையில் வாகன விபத்திலே காலமானார். நாடே துயருற்றது. அத்துயர் உண்மையானது, அதனை ஐயுற வேண்டியதில்லை. ஆயின் ஐந்தாண்டு கழியுமுன்னர், 1983 ஜூலையிலே, சிங்களத் திரைத்துறைக்கு உழைத்த தமிழர்க்கு நேர்ந்ததையும் உடன்வைத்து நோக்க வேண்டும். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அக்கலவரத்திலே கொல்லப்பட்டார். ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரியூட்டப்பட்டது. அதிலே கருகியவை சிங்களப் படங்களின் மூலப்படிகளே. தமிழர் ஒருவரின் உடைமையை எரிக்கப் புகுந்தோர் தம் மொழியின் படங்களையே சாம்பலாக்கினர். அங்கு பதிவாகியிருந்த பாடல்களை அவர்களுட் பலர் தம் வீடுகளிலே பாடியும் இருப்பர்.

இதனைக் கொண்டு, பாடல் பயனற்றது என முடிவு கட்டுதல் தவறாகும். பாடல் ஓர் அரணன்று. அதனிடம் அரணின் காவலை எதிர்பார்ப்பதே பிழை. இனங்களுக்கிடையே நீதியை நிலைநாட்டுவது சட்டத்தின் பணி; அரசின் பணி. அப்பணியைச் செய்யாதோர் இசையைக் காட்டி ஒற்றுமை பேசுவராயின் அது வெறும் அலங்காரமே. பெரஹரவிலே பத்தினி வலம் வருவதையும், வெசாக்கிலே பேக்கின் குரல் ஒலிப்பதையும் எடுத்துக்காட்டி இன உறவு நலமுற உள்ளது என்று கூறுவோர் உளர். 1760 உம் 1815 உம் 1948 உம் 1983 உம் அவர்களுக்கு விடை கூறுகின்றன.

எனினும் பாடல் வேறொரு பணியைச் செய்துள்ளது. ஒரு மொழியின் கலை அம்மொழியாரால் மட்டுமே ஆக்கப்பட்டது என்னும் தூய்மைவாதத்திற்கு எதிரான சாட்சியாக அது நிற்கின்றது. வன்னத்தின் தானமவும், 'மனமே'யின் கூத்திசையும், ருக்மணி தேவியின் இசைத்தட்டும் அச்சாட்சியங்களாம். சாட்சியம் பயன்படுவது அதனை எவரேனும் எடுத்துரைக்கும்போதே. பேராதனையின் இரு பேராசிரியர்கள் காட்டிய வழி இதுவே: கடனை ஒப்புதல், கொடுத்தவரின் பெயரைச் சொல்லுதல்.

அண்மைக்கால நிகழ்வொன்று இவ்வாய்வுக்கு முடிவுரையாக அமையத்தக்கது. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் இயற்றிய நாட்டுப்பண்ணைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். மெட்டு ஒன்று, பொருள் ஒன்று, மொழி இரண்டு. பல்லாண்டுகளின் பின்னர் 2016 பெப்ரவரி 4 ஆந் திகதி தேசிய சுதந்திர தின விழாவிலே அது தமிழிலும் பாடப்பட்டது. 2020 ஆம் ஆண்டு விழாவிலே தமிழ் வடிவம் விடப்பட்டது. யப்பானியப் பாட்டு விழாவிலே 2011 இற்கும் 2012 இற்கும் இடையே நிகழ்ந்ததும் இதுவும் ஒன்றையொன்று ஒத்துள்ளன. ஆயின் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கொரியர்க்கு யப்பானிய மேடை அடைக்கப்பட்டபோது அவர்கள் தம் நாட்டு மேடைக்குத் திரும்பினர். இலங்கைத் தமிழர்க்கு இதுவே தம் நாட்டு மேடை. அயலார் மொழியிற் பாடி அயலாரின் அன்பைப் பெறுதல் பெருங்கலை. அக்கலையில் அவர்கள் முந்நூறு ஆண்டுகளாகத் தேர்ச்சி காட்டியுள்ளனர். தம் மொழியிலே பாடியும் இந்நாட்டார் என ஏற்கப்படுதல் கலையைச் சார்ந்ததன்று, அஃது உரிமை. கலையினால் உரிமையைப் பெற்றுவிடலாம் எனக் கருதிய மரபினர் கண்டியிலேயே அரியணை இழந்தனர் என்பது வரலாறு தரும் பாடமாகும்.